பங்கும் பதிவும்
கணினியிற் செயன்முறைதோறும் வளக்கணக்கு எழுந்த வரலாறு

கொட்டியாரப்பற்றின் வயல்நிலங்களைப் பற்றி முதியோர் பேசும்பொழுது வட்டவிதானை என்னும் சொல் தவறாது இடம்பெறும். ஒரு வட்டையிலுள்ள வயல்கள் பலவற்றுக்கும் வாய்க்கால் ஒன்றே. அவ்வாய்க்காலின் நீர் எவருடைய வக்கடை வழியே எவ்வளவு நேரம் பாய்ந்தது என்பதைச் சென்று பார்ப்பதும், மிகுதியாக எடுத்தவரைத் தடுப்பதும், கடைமடைக்காரனுக்கு உரிய முறையை வாங்கிக் கொடுப்பதும் வட்டவிதானையின் கடமைகளாம். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் இலங்கையில் இவ்விதானைப் பதவியை நீக்கி, அதன் பொறுப்புகளைப் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் ஒப்படைத்தது. பதவி நீங்கியதேயன்றி அதன் வேலை நீங்கவில்லை. நீர் குறைந்த போகத்திற் கட்டைபறிச்சான் வயல்வெளியில் இன்றும் முதலில் எழும் கேள்வி, ‘வாய்க்காலில் எவ்வளவு நீர் வந்தது?’ என்பதன்று, ‘யார் எவ்வளவு எடுத்தார்?’ என்பதே.

கணினியின் வரலாற்றிலும் இவ்விரு கேள்விகளும் ஒரே காலத்தில் எழுந்தவையல்ல. பொறி முழுவதும் எவ்வளவு வேலை செய்தது என்னும் கணக்கு தொடக்கத்திலேயே இருந்தது. அதனுள் ஓடும் ஒவ்வொரு செயன்முறையும் எவ்வளவு நேரத்தையும் எவ்வளவு நினைவகத்தையும் எடுத்துக்கொண்டது என்னும் கணக்கோ, பொறி பலருக்குப் பொதுவான பின்னரே பிறந்தது. எமது மாணவர் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் ‘செயன்முறை’ என்பதற்கு வரைவிலக்கணம் மனனஞ் செய்கின்றனர். ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரலே செயன்முறை என்று பிழையின்றி எழுதுகின்றனர். அச்செயன்முறைக்குக் கணக்கெழுத வேண்டிய தேவை எவ்வாறு வந்தது என்பதைப் பாடநூல் கூறுவதில்லை. அதனை இயன்றவரை ஈண்டு எடுத்துரைப்பேன்.

1950களிற் கணினி ஒருவேளைக்கு ஒருவருக்கே உரியதாயிருந்தது. ஆராய்ச்சியாளர் தம் செய்நிரலைத் துளையட்டைகளிற் பொறித்துக் கட்டாகக் கட்டிக் கொடுப்பர். இயக்குநர் பலருடைய கட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பொறிக்கு ஊட்டுவர். விடை சில மணி நேரங் கழித்தோ மறுநாளோ அச்சிட்ட தாளாகக் கிடைக்கும். இத்தொகுதி முறையிற் கணக்கெழுதுவது எளிது. கட்டு உள்ளே சென்ற நேரத்தையும் வெளிவந்த நேரத்தையும் குறித்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் முடிந்தது. அவ்விடைவெளியிற் பொறி முழுவதும் அவ்வொருவருக்கே உரியது. அவர் செய்நிரல் நாடாவுக்காகக் காத்துக் கிடந்த நேரமும் அவர் தலையிலேயே எழுதப்படும். துளையட்டை முறை நம் அயலிலும் நெடுங்காலம் நிலவியது. 1963இற் கான்பூர் இந்தியத் தொழினுட்பக் கழகத்துக்கு வந்த ஐ. பி. எம். 1620இலும், 1973இற் சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் நிறுவப்பட்ட ஐ. பி. எம். 370/155இலும் மாணவர் அட்டைக்கட்டுகளைச் சுமந்தே கணினி பயின்றனர்.

ஒரு பொறியைப் பலர் ஒரே வேளையிற் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறை 1961 நவம்பரில் அமெரிக்காவின் மாசச்சூசெற்சுத் தொழினுட்ப நிறுவகத்தில் முதன்முறையாகச் செய்துகாட்டப்பட்டது. பெர்னாண்டோ கோர்பற்றோ என்பவரும் அவருடைய துணைவர்களும் ஐ. பி. எம். 709 பொறியில் நான்கு தட்டச்சு முனைகளை இணைத்து இதனை இயக்கினர். பின்னர் ஐ. பி. எம். 7094 பொறிக்கு இம்முறைமை மாற்றப்பட்டது. இதன் உயிர்நிலை ஒரு கடிகாரம். குறித்த இடைவெளிதோறும் அது மையச் செயலியை இடைமறித்து, ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரலிடமிருந்து ஆட்சியை மேற்பார்வைச் செய்நிரலிடம் மீட்டுக் கொடுக்கும். மேற்பார்வையாளன் அடுத்தவருடைய செய்நிரலுக்கு முறை கொடுப்பான். மாற்றங்கள் விரைந்து நிகழ்வதால், முனையில் அமர்ந்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் பொறி தமக்கே உரியது போலத் தோன்றும்.

கணக்கெழுதும் தொல்லை இவ்விடத்திலேதான் தொடங்கியது. காலை பத்து மணிக்கு அமர்ந்து பதினொன்றுக்கு எழுந்தவர் ஒரு மணி நேரம் பொறியைப் பயன்படுத்தினார் என்று இனி எழுத இயலாது. அவ்வொரு மணியில் அவருடைய செய்நிரல் உண்மையாக ஓடியது இரண்டு நிமிடமாயிருக்கலாம். எஞ்சிய நேரம் அயலவர்க்கு உரியது, அல்லது அவர் கன்னத்திற் கையூன்றிச் சிந்தித்த நேரம். எனவே ஒவ்வொரு முறைமாற்றத்தின்போதும் கடிகாரத்தைப் பார்த்து, ஓடி முடித்தவனுடைய கணக்கிலே அத்துளி நேரத்தைச் சேர்க்கும் வழக்கம் ஏற்பட்டது. கோர்பற்றோ இக்கணக்கைப் பதிவேட்டோடு நிறுத்தவில்லை. தனக்குக் கிடைத்த துளி நேரத்துக்குள் வேலையை முடிக்காத செய்நிரல் ஒரு படி கீழே இறக்கப்படும். கீழ்ப்படியில் அதற்கு இருமடங்கு நேரம் உண்டு, ஆயின் முறை அரிதாகவே வரும். சிறுவேலைக்காரன் விரைந்து விடை பெற்றான். பெருவேலைக்காரன் காத்திருந்து பெற்றான்.

இம்முறைமையிற் பயனாளர் ஒவ்வொருவருக்கும் கணக்கெண்ணும் கடவுச்சொல்லும் நேர ஒதுக்கீடும் இருந்தன. அலன் செர் என்னும் ஆராய்ச்சி மாணவருக்குக் கிடைத்த ஒதுக்கீடு வாரத்துக்கு நான்கு மணி. அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிடுமாறு துளையட்டையில் ஒரு வேண்டுகோளைச் சேர்த்துவிட்டு, மறுநாட்காலை அச்சுத்தாள்கள் வைக்கப்படும் இடத்துக்குச் சென்று அதனை எடுத்துக்கொண்டார். பின்பு பிறருடைய ஒதுக்கீட்டிலிருந்து தமக்கு வேண்டிய நேரத்தை எடுத்தார். இச்செய்தியைப் பல ஆண்டுகள் கழித்து அவரே வெளியிட்டார். கடவுச்சொற் களவின் முதல் நிகழ்ச்சிகளுள் ஒன்றென இதனைக் காட்டுவோர் பலர். எனக்கு இதன் மற்றப் பக்கமே பெரிதாகத் தோன்றுகிறது. செர் என்ன ஆய்வு செய்தார்? அந்நேரப்பகிர்வு முறைமையின் செயற்றிறனையே அளந்து, அதற்கொரு கணித மாதிரியையும் வகுத்து, 1965இல் தம் கலாநிதிப் பட்டத்துக்குச் சமர்ப்பித்தார். ஒரு விடை வந்தபின் மறுகட்டளை இடுமுன்னர் மனிதர் சராசரியாக ஏறத்தாழ 35 செக்கன் சிந்திக்கின்றனர் என்பது அவர் அளவைகளுள் ஒன்று. பங்கீட்டை அளக்கப் புகுந்தவருக்கே பங்கு போதாமற் போயிற்று. பதிவேட்டை மீறியவரே பதிவேட்டின் இலக்கணத்தையும் எழுதினார். வட்டவிதானையின் மகனே இரவில் வக்கடை வெட்டிய கதைக்கு இது ஒப்பாகும்.

இதன்பின் எழுந்த மல்ற்றிக்சு என்னும் பெருமுறைமையின் ஆக்கத்திற் ‘செயன்முறை’ என்னும் கருத்துத் தெளிவுற்றது. அம்முயற்சியிலிருந்து 1969இல் விலகிய பெல் ஆய்வுகூடத்தாருட் சிலர், அவ்வாண்டிலேயே யூனிக்சு என்னும் சிறு முறைமையைத் தொடங்கினர். இன்றைய கணினிகளிற் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்களாகவோ அதனிடம் கடன்பட்டனவாகவோ உள்ளன. 1970களின் தொடக்கத்திலேயே அதில் ‘பி. எஸ்.’ என்னும் கட்டளை இருந்தது. அதனை இட்டால், அவ்வேளையில் உயிரோடிருக்கும் செயன்முறைகளின் பட்டியல் கிடைக்கும். ‘ரைம்’ என்னும் மற்றொரு கட்டளை, ஒரு செய்நிரல் எடுத்த நேரத்தை மூன்று எண்களாகப் பிரித்துக் கொடுக்கும். மாணவர் பலர் குழம்பும் இடம் இதுவாதலின் ஓர் உதாரணம் தருகிறேன். பாலங்கள் அமையுமுன்னர்க் கட்டைபறிச்சானிலிருந்து ஒருவர் திருகோணமலைக் கச்சேரிக்குச் செல்வதாயின், மூதூர் இறங்குதுறைக்குச் சென்று படகேற வேண்டும். அதிகாலையிற் புறப்பட்டு இருட்டியபின் வீடு திரும்புமட்டும் சென்ற நேரம் முழுவதும் முதலாம் எண். கச்சேரியில் அவர் தம் கையாற் படிவத்தை நிரப்பிய நேரம் இரண்டாம் எண். எழுதுவினைஞர் அவர்பொருட்டுப் பேரேட்டைப் புரட்டிப் பதிவு செய்த நேரம் மூன்றாம் எண். பின்னிரண்டையும் கூட்டினாலும் அரைமணி தேறாது. நாள் முழுவதும் போனது படகுக்கும் வரிசைக்கும் காத்திருந்ததில். கணினியிலும் அப்படியே. செய்நிரல் தானே கணித்த நேரம் ஒன்று. பணிசெயல் முறைமை அதன்பொருட்டு உழைத்த நேரம் இன்னொன்று. எஞ்சியது வட்டுக்கும் வலையமைப்புக்கும் அயலவர்க்கும் காத்திருந்த நேரம். ‘கணினி மெதுவாக ஓடுகிறது’ என்று சொல்வோர் இம்மூன்றில் எதனைக் குறிக்கிறார் என்று கேட்டால், பெரும்பாலும் விடை வராது.

1979இல் வெளிவந்த யூனிக்சின் ஏழாம் பதிப்பில், முடிவுறும் ஒவ்வொரு செயன்முறைக்கும் ஒரு பதிவு எழுதும் வசதி அமைந்தது. யாருடையது, எப்பொழுது தொடங்கியது, எவ்வளவு செயலி நேரம் எடுத்தது என்பன அதில் அடங்கும். பதிவேடே வட்டை நிரப்பிவிடலாகாது என்னும் சிக்கனத்தால், நேர அளவை 16 துவித இலக்கங்களுள் அடக்கினர்: 13 இலக்கம் எண்ணுக்கு, 3 இலக்கம் அவ்வெண்ணை எட்டின் எத்தனையாம் அடுக்கால் பெருக்குவது என்பதற்கு. சிறு தொகைகள் நுட்பமாகவும் பெருந்தொகைகள் பருமட்டாகவும் பதியும். சில்லறைக் கடைக்காரர் சதத்தையும், பெருவணிகர் ஆயிரத்தையும் எண்ணுவது போல. ஆயினும் இப்பதிவேட்டில் ஒரு பெருங்குறை இருந்தது. செயன்முறை முடிந்தபின்னரே பதிவு எழுதப்படும். முடிவின்றி ஓடி எல்லாரையும் வருத்தும் செயன்முறை, அதனாலேயே, ஏட்டில் இடம்பெறாது. இறந்தவர்க்கு மட்டும் வரி விதிக்கும் ஏடு அது.

உயிரோடிருப்பவற்றை உடனுக்குடன் காண 1984இல் இரு வழிகள் பிறந்தன. அமெரிக்காவின் றைஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த வில்லியம் லெபேவர், ‘ரொப்’ என்னும் செய்நிரலை எழுதினார். அது செயன்முறைகளை அவை எடுக்கும் செயலி நேரத்தின் இறங்குவரிசையில் நிறுத்தி, சில செக்கனுக்கு ஒருமுறை பட்டியலைப் புதுப்பிக்கும். மிகுதியாக எடுப்பவன் தலைமேல் நிற்பான். அதே ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தின் ரொம் கிலியன், ஒவ்வொரு செயன்முறையையும் ஒரு கோப்புப் போலத் திறந்து பார்க்கும் முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். அதற்குமுன் ‘பி. எஸ்.’ போன்ற கட்டளைகள் பணிசெயல் முறைமையின் நினைவகத்துள் நேரே கைவிட்டுத் துழாவியே விவரங்களை எடுத்தன. வீட்டுக்காரன் அறியாமற் பெட்டகத்தைத் திறந்து பார்ப்பதைப் போன்றது அது. கிலியனின் முறை அதற்கொரு வாசலும் ஒழுங்கும் தந்தது. பிற்காலத்தில் லினக்சு இவ்வழியையே மேற்கொண்டது. 1996இல் விண்டோஸ் என். ரி. 4.0 உடன் ‘ரஸ்க் மனேஜர்’ வந்த பின்னர், இப்பட்டியலைப் பார்ப்பது வல்லுநர் கலையாக இராமற் பொதுமக்கள் பழக்கமாயிற்று.

இவ்விடத்தில் என் தவறொன்றை மறையாது கூறவேண்டும். நான் கற்பித்த பாடசாலையொன்றின் கணினிக்கூடத்தில் ஒரு பழைய கணினி திடீரென நகர மறுத்தது. அதில் இறுதியாக அமர்ந்தவன் ஒரு பத்தாந்தரத்து மாணவன். வீட்டிலிருந்து பாட்டுகள் கொண்டுவந்து ஏற்றினான் என்று மற்றவர் கூறினர். நானும் விசாரியாது அவனை இரண்டு வாரம் கூடத்துக்கு வெளியே நிறுத்தினேன். பின்னொருநாள் வேறு காரணத்துக்காகப் பட்டியலைத் திறந்து பார்த்தபொழுது, செயலி நேரப் பத்தியில் எல்லாச் செயன்முறைகளும் குற்றமற்றவையாய் நின்றன. வட்டுப் பத்தியை அழுத்தினேன். நச்சுநிரல்களைத் தேடுவதற்கென நாமே நிறுவியிருந்த காவற் செய்நிரல், வட்டு முழுவதையும் ஓயாது வாசித்துக்கொண்டு முதலிடத்தில் நின்றது. மாணவனை அழைத்து வகுப்பின் முன்னிலையிற் பட்டியலைக் காட்டினேன். அவன், ‘சேர், பாட்டு நான் ஏத்தினதுதான், ஆனா அது ஓடேல்லை’ என்றான். எந்தப் பத்தியைப் பார்ப்பதென்று தீர்மானிக்கும் கணத்திலேயே குற்றவாளியும் பாதி தீர்மானமாகிவிடுகிறான் என்பதை அன்றே கண்டேன்.

அளவுகோலையே ஏமாற்றவும் இயலும். நெடுங்காலம் பணிசெயல் முறைமைகள் நேரத்தைத் தொடர்ச்சியாக அளக்கவில்லை. செக்கனுக்கு நூறுமுறை கடிகாரம் ஒலிக்கும். ஒலிக்குந் தறுவாயில் எது ஓடிக்கொண்டிருக்கிறதோ அதன் கணக்கில் அத்துளி முழுவதும் எழுதப்படும். நீண்டநேரத்துக்குப் பார்த்தாற் கூடுதல் குறைதல் ஈடாகும் என்பது நம்பிக்கை. ஆனால் விதானை வரும் வேளையை அறிந்த கமக்காரன், அவர் போனபின் வக்கடையைத் திறந்து, அடுத்தமுறை அவர் வருமுன் அடைத்துவிட்டால், நீர் பாயும், பெயர் பதியாது. 1993இல் மக்கேன், ரொறெக் ஆகிய இருவர், கடிகாரத்தை ஒழுங்கற்ற இடைவெளிகளில் ஒலிக்கச் செய்து இப்பிழையைக் குறைக்கும் வழியைக் கூறினர்; விதானை எவ்வேளையும் வரலாம் என்றாற் கள்ளன் அஞ்சுவான். எனினும் குறை நீங்கவில்லை. 2007இல் இசிரேலைச் சேர்ந்த சப்ரீர், எற்சியன், பைற்றெல்சன் என்போர், சிறப்பு அதிகாரம் ஏதுமற்ற ஒரு சாதாரணச் செய்நிரல், ஒலிகளுக்கு இடையில் மட்டும் ஓடி, ஏறக்குறையப் பொறி முழுவதையும் கவர்ந்துகொண்டு, பட்டியலில் ஒன்றும் எடுக்காததுபோல நிற்கமுடியும் என்று பல முறைமைகளிற் செய்தே காட்டினர். அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த லினக்சுப் பதிப்பு, முறைமாற்றம் நிகழும் கணத்தையே நனோசெக்கன் அளவிற் குறித்துக் கணக்கெழுதும் புதிய முறைக்கு மாறியது.

இவையெல்லாம் அளவின் நுட்பம் பற்றியவை. அளக்கப்படுவது யார் என்பது இதனினும் பெரிய கேள்வி. செயன்முறைக்குச் செயன்முறை சமமாகப் பங்கிட்டால் நீதி என்று தோன்றும். ஒருவர் ஒரு செயன்முறையையும் மற்றொருவர் ஒன்பதையும் ஓட்டினால், பின்னவர்க்கு ஒன்பது பங்கு போய்ச்சேரும். குடும்பக் கணக்கிற் கொடுப்பதா, தலைக்கணக்கிற் கொடுப்பதா என்னும் பழைய வழக்கே இது; நீருக்கும் நிவாரணத்துக்கும் வரிசையில் நின்ற எம் பிரதேசத்தார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அவுஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் மாணவர் பலர் ஒரே பொறியைப் பயன்படுத்தினர். ஒப்படைகளின் இறுதி நாள் நெருங்குகையிற் பொறி திணறும். முன்கூட்டியே சிக்கனமாக உழைத்தவனும் இறுதிநாளில் முண்டியடிப்பவனும் ஒரே துன்பத்தை அடைவர். யூடி கே, பியேர்ஸ் லோடர் என்னும் இருவர் அங்கே உருவாக்கிய முறையை 1988இற் கட்டுரையாக வெளியிட்டனர். அதன்படி பங்கு மனிதனுக்கு உரியது. அவனுடைய செயன்முறைகள் எத்தனையாயினும் அப்பங்கையே தமக்குட் பகிர வேண்டும். ஒருவன் இதுவரை எடுத்தது அவன் கணக்கில் ஏறும். மிகுதியாக எடுத்தவனுக்கு முறை பின்தள்ளப்படும். ஆயின் அக்கணக்கு நிலையானதன்று. நாட்செல்லச் செல்லத் தேய்ந்து மறையும். நெரிசலற்ற வேளையில் எடுத்ததற்கு விலையும் குறைக்கலாம். ஆசிரியத் தொழிலில் இருப்போன் என்ற முறையில் இக்கட்டுரை எனக்கு மிக விருப்பமானது. மாணவனுடைய நேற்றைய மிகைச்செலவை இன்று நினைவிற்கொண்டு, அடுத்த மாதம் மறந்துவிடும் ஏட்டை வேறு எங்கும் நான் கண்டதில்லை.

மனிதனை விட்டுக் குழுவுக்குக் கணக்கெழுதும் வழக்கம் அடுத்து வந்தது. 2006இற் கூகிள் நிறுவனப் பொறியியலாளரான போல் மெனாஜ், ரோகித் சேத் ஆகியோர் தொடங்கிய வேலை, 2008 ஜனவரியில் வெளிவந்த லினக்சுப் பதிப்பில் இணைக்கப்பட்டது. தொடர்புடைய செயன்முறைகளை ஒரு கூட்டமாகக் கட்டி, அக்கூட்டத்துக்கு இவ்வளவு செயலி, இவ்வளவு நினைவகம் என்று எல்லை வகுப்பது இதன் இயல்பு. இன்று பெருங்கணினிகளை வாடகைக்கு எடுத்து நடத்தப்படும் சேவைகள் பலவற்றின் அடியில் இக்கூட்டக்கணக்கே இருக்கிறது. கைத்தொலைபேசியில் எச்செயலி மின்கலத்தை எவ்வளவு உண்டது என்று காட்டும் பட்டியலும் இவ்வகைக் கணக்கின் இளவலே.

இப்பட்டியல்களிற் சற்றுக் கூர்ந்து நோக்குவோர் காணக்கூடிய வேடிக்கை ஒன்றுண்டு: பட்டியலைக் காட்டும் செய்நிரலும் பட்டியலில் நிற்கும். அதுவும் நேரம் எடுக்கிறது, நினைவகம் எடுக்கிறது. பழைய விதானைக்கு உரிய பங்கும் அவர் காத்த வயல்களின் விளைச்சலிலிருந்தே கொடுக்கப்பட்டது. பழைய பொறிகளில் அடிக்கடி புதுப்பிக்கும் பட்டியல், தான் தேட வந்த நெரிசலைத் தானே பெருக்குவதும் உண்டு.

இன்றும் முற்றத் தீராத வழக்கு நினைவகம் பற்றியது. நேரத்தை ஒருகணத்தில் ஒருவரே எடுப்பர், நினைவகம் அப்படியன்று. பல செயன்முறைகளுக்கும் பொதுவான நூலகச் செய்நிரல்கள் நினைவகத்தில் ஒரே பிரதியாக வைக்கப்படும். மூன்று செயன்முறைகள் 30 மெகாபைற்று அளவுள்ள பகுதியொன்றைப் பொதுவாகப் பயன்படுத்தின், பழைய பட்டியல் ஒவ்வொன்றின் பெயரிலும் முப்பது முப்பதாக எழுதும். கூட்டிப் பார்த்தால் தொண்ணூறு வரும், பொறியில் இருப்பதோ முப்பது. பொதுப்பகுதியை எவர் பெயரிலும் எழுதாது விட்டாற் கூட்டுத்தொகை சுழியமாகும், அதுவும் பொய். 2008இல் லினக்சில் மூன்றாவது வழியொன்று சேர்க்கப்பட்டது: பொதுப்பகுதியைப் பயன்படுத்துவோர் தொகையால் வகுத்து, ஆளுக்குப் பத்தாக எழுதுதல். கூட்டுத்தொகை இப்பொழுது சரியாக வருகிறது. ஆயின் மூவரில் ஒருவர் வேலை முடிந்து நீங்கிவிட்டால், எஞ்சிய இருவர் கணக்கிலும் பத்து என்பது பதினைந்தாகிவிடும். அவ்விருவரும் அவ்வேளையிற் புதிதாக ஒன்றும் எடுத்திருக்கவில்லை.